முள்ளுக்கம்பிக் காயம்

அத்தியாயம் 11

போன கிழமை நாம் சுகந்தினியை விட்டுவந்த இடம் நினைவிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்பில் வித்தியா சோபாவில் கண்ணயர்ந்திருந்தாள். அந்தப் பிள்ளையின் உச்சந்தலையில் மனைவியின் கையைப் பிடித்து வைத்து யசீகரன் சத்தியம் வாங்கினான். தன் கைக்குள்ளே கிடக்கிற சாமானைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒருத்தரிடமும் மூச்சு விடக் கூடாது. சுகந்தினியும் சரி என்று சொல்லிவிட்டாள். வேறு என்ன செய்வாள் பாவம்? கட்டியவன் கண்கலங்கி நிற்கும்போது யாருக்குத்தான் நியாயம் பேச வாய் வரும்?

இன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி நாள் விடிந்துவிட்டது.

த்ரீ கிங்ஸ் பகுதியில் இருக்கிற அவர்களின் வீட்டில் விடியும்போதே மழை. சுகந்தினி கணவனின் சட்டைக்குப் பொத்தான் பூட்டிவிட்டாள். இடது கையை அவனால் உயர்த்த முடியவில்லை. முழங்கைக்குக் கீழே நாளங்கள் கயிறு கயிறாகப் புடைத்துக் கிடந்தன. நடுவிரல் நுனியில் ஆறாத புண் ஒன்று, மாதக்கணக்காக அப்படியே இருக்கிறது.

அந்தக் கையைத் தொட்டால் உள்ளே ஓர் இரைச்சல் ஓடும். பக்கத்து அறையில் பழைய குளிர்சாதனப் பெட்டி ஓடுவதைப் போல. வித்தியா சின்னவளாக இருந்தபோது அதில் காதை வைத்துத்தான் நித்திரை கொள்வாள். "அப்பாவின்ட கைக்குள்ள பூனை இருக்கு" என்று அயலட்டையெல்லாம் சொல்லித் திரிந்தவள். பூனை வளர்ந்து இப்போது ஆளையே தின்கிறது.

டொக்டர் சொன்ன விஷயம் இவ்வளவுதான். இதயத்திலிருந்து வருகிற நாடியும் இதயத்துக்குத் திரும்புகிற நாளமும் கைக்குள் எங்கோ ஒன்றோடொன்று திறந்துகொண்டுவிட்டன. விரலுக்குப் போக வேண்டிய இரத்தம் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது. விரல் பட்டினி கிடக்கிறது. இதயமோ இரண்டு ஆளின் வேலையைச் செய்து வீங்கிக்கொண்டு போகிறது. மங்கரே விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் பெட்டி பெட்டியாகத் தூக்கிய மனிதன் இப்போது நாலு படி ஏறினால் சுவரைப் பிடிக்கிறான்.

"முன்பு கையில் பெரிய காயம் ஏதும் பட்டதா?" என்று டொக்டர் கேட்டாரே, அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "முள்ளுக்கம்பி கிழிச்சது. மேல்தோல்தான்" என்றான் யசீகரன். காயத்தால் வந்தது இல்லையென்றால் பிறவியிலேயே வந்த பின்னலாகத்தான் இருக்கும் என்று டொக்டர் முடிவு கட்டினார். பிறவிப் பின்னல் என்றால் வேர் எங்கெங்கே ஓடியிருக்கும் என்று சொல்ல முடியாதாம். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்குமாம். கடைசியில் இதயத்தைக் காப்பாற்றக் கையையே எடுக்க வேண்டி வரலாம் என்றும் சொல்லிவிட்டார். எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யத்தான் இன்றைய ஸ்கான்.

இந்த முள்ளுக்கம்பி எங்கிருந்து வந்தது என்று வெளியூர் வாசகர்கள் கேட்பீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் உடம்பில் செல் என்கிற பீரங்கிக் குண்டு பட்ட தழும்போடு ஒரு பொடியன் ராணுவச் சோதனைச்சாவடியில் அகப்பட்டால், போராளி என்று பஸ்ஸால் இறக்கிவிடுவார்கள். இறங்கினவன் திரும்பி ஏறினால் உண்டு. அதனால் எங்கள் பொடியன்களின் காயமெல்லாம் மாடு முட்டியது, மரத்தால் விழுந்தது, முள்ளுக்கம்பி கிழித்தது. கொழும்பில் வீசாவுக்கு உடம்பைச் சோதித்த டொக்டர் தழும்பைப் பார்த்துக் கேட்டபோதும் வாயில் வந்தது அதே முள்ளுக்கம்பிதான். சாவடி போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

உண்மை சுகந்தினிக்கு மட்டும் தெரியும். கலியாணம் முடிந்த புதிதில் அவனே சொன்னது. இடம்பெயர்ந்து ஓடும்போது பக்கத்தில் செல் விழுந்ததாம். அதன் இரும்புச் சில்லு ஒன்று கைக்குள் போய்விட்டதாம். மருந்தில்லாத காலம், எடுக்க வசதியில்லாமல் உள்ளே விட்டுத் தைத்துவிட்டார்களாம்.

கார் மோட்டர்வேயில் ஏறியதும் சுகந்தினி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். வித்தியா காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்திருந்தாள்.

"இஞ்சருங்கோப்பா" என்றாள் மெதுவாக. "இது காந்த மெசினாம். பிள்ளை சொல்லுறாள்."

"அதுக்கு?"

"உள்ளுக்கு இருக்கிறது இரும்பெல்லே?"

"எத்தனை வருசம் சுகந்தி! கறள் பிடிச்சுக் கரைஞ்சு போயிருக்கும். நீர் ரோட்டைப் பாரும்."

"கரையாட்டி?"

யசீகரன் பேச்சை மாற்றினான். "வீசா டொக்டருக்கு ஒரு கதை, இவைக்கு ஒரு கதை சொன்னால் என்ன நினைப்பினம்? பொய்யன் எண்டு மூண்டு பேரையும் ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள். பிள்ளை அடுத்த வருசம் யூனிவர்சிட்டி. நீர் சத்தியம் பண்ணினனீர்" என்றான்.

"நாங்கள் இப்ப இந்த நாட்டு ஆக்களப்பா. சிட்டிசன். ஆர் அனுப்பப்போறது?"

"உமக்கு ஒண்டும் விளங்காது."

அதோடு கதை முடிந்தது. துடைப்பான் கண்ணாடியை வழித்துக்கொண்டே இருந்தது. சுகந்தினி ரோட்டைப் பார்த்தபடி யோசித்தாள். கையும் போய், ஆளும் போய்விட்டால் இந்தக் கதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆஸ்பத்திரிக்காரர்கள் மொழிபெயர்க்க ஆள் தருகிறோம் என்று முன்பே கேட்டிருந்தார்கள். யசீகரன்தான் வேண்டாம் என்றவன். "வாறது எங்கட ஆக்களில ஒருத்தராத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில எல்லாருக்கும் என்ர கைதான் கதை" என்றான். தமிழ்க் காதுக்குப் பயந்து வித்தியாவைப் பள்ளிக்கு லீவு போட வைத்துக் கூட்டி வந்தார்கள்.

விதியைப் பாருங்கள். ஸ்கான் பகுதியின் கதவைத் திறந்துகொண்டு வந்த பெண்ணின் சட்டையில் தேவதர்ஷினி என்று பெயர் குத்தியிருந்தது. படிவத்தில் யசீகரனின் பெயரைப் பார்த்த உடனேயே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"யசீகரன்! வாங்க சார், நீங்க தமிழா? நான் கோயம்புத்தூர்."

"ஸ்ரீலங்கா" என்றான் யசீகரன், என்னவோ ஸ்ரீலங்காவில் தமிழே இல்லாத மாதிரி. பிறகு ஒரு சொல் தமிழ் வரவில்லை. எல்லாம் இங்கிலீஷ். அவனுடைய இங்கிலீஷைக் கேட்டு மகளுக்கே வெட்கமாகிவிட்டது.

"சரி சார், உங்களுக்கு எது வசதியோ அதுல பேசுவோம்" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேள்விகளைத் தொடங்கினாள். இதயத்தில் கருவி வைத்திருக்கிறதா? இல்லை. எலும்பில் தகடு? இல்லை. உடம்பில் எங்கேயாவது உலோகத் துண்டு, துகள், குண்டு?

"நோ" என்றான் யசீகரன்.

"கையில இந்தத் தழும்பு?"

வித்தியா முந்திக்கொண்டாள். "ஓ, தட்ஸ் பார்ப்ட் வயர்! அப்பா ஊரில ஒரு ஆட்டுக்குட்டிக்குப் பின்னால ஓடி, வேலியில விழுந்தவர். இட்ஸ் எ ஃபேமிலி ஸ்டோரி."

எட்டாம் வகுப்பில் அந்த ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் அவள். அந்தக் கோப்பை வீட்டு ஹாலில் இன்னும் இருக்கிறது. சுகந்தினி நிலத்தைப் பார்த்தாள். பச்சைப் பிள்ளையின் வாயால் பொய் சொல்ல வைத்துவிட்டோமே!

"கம்பித் துண்டு எதுவும் உள்ள தங்கலையே?"

"நோ, நோ. ஒன்லி ஸ்கின்" என்றான் யசீகரன். நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்றது.

அவன் ஆஸ்பத்திரிச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். மூச்சு வாங்கியது. உள்ளே போகிற கதவு வங்கியின் பெட்டக அறைக் கதவைப் போலத் தடிப்பாக இருந்தது. "கூட ஒருத்தர் வரலாம். நீங்க வர்றீங்களாம்மா?" என்று கேட்டாள் தேவதர்ஷினி.

சுகந்தினி தலையாட்டினாள். அந்தப் பெண் அவளைக் கால் முதல் தலை வரை பார்த்தாள்.

"செயினைக் கழட்டிடுங்க. தங்கத்துக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா தாலிக்கொடியில ஊக்கு மாட்டியிருக்கீங்க பாருங்க, அதுதான் ஆபத்து. எங்க அம்மாவும் இப்படித்தான், கழுத்துல ஒரு கடையே வச்சிருப்பாங்க. இதோட உள்ள போனீங்கன்னா பிச்சுக்கிட்டுப் பறக்கும்."

"இந்தச் சின்ன ஊக்கா?"

"அந்தக் காந்தம் ராத்திரி பகல் எந்நேரமும் வேலை செஞ்சிட்டேதான் இருக்கும்மா. சின்னது பெருசுன்னு பார்க்காது." அவள் குரல் கொஞ்சம் மாறியது. யசீகரன் பக்கம் திரும்பினாள். "சார், எல்லார்கிட்டயும் கேக்குற மாதிரிதான் கடைசியா ஒரு தடவை கேக்குறேன். உள்ள ஏதாவது இருந்தா, எத்தனை வருஷமானாலும் இரும்பு இரும்புதான். திரும்பும், நகரும். பக்கத்துல ரத்தக் குழாய் இருந்தா கிழிச்சிடும். உங்க கையில ரத்தம் ஓடுற வேகத்துக்கு அப்புறம் நிறுத்துறது ரொம்பக் கஷ்டம்."

யசீகரன் மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

"நத்திங்" என்றான்.

சுகந்தினி ஊக்கைக் கழற்றப் பார்த்தாள். அது திறபடவில்லை. வித்தியா வந்து திறந்து கொடுத்தாள். உள்ளங்கையில் கிடந்த அந்த ஊக்கைச் சுகந்தினி பார்த்தபடியே நின்றாள். இதுவே பிய்த்துக்கொண்டு பறக்குமென்றால்?

தேவதர்ஷினி தடித்த கதவைத் திறந்தாள். யசீகரன் ஓர் அடி வைத்தான்.

என்ன செய்வாள்? சொன்னால் பிள்ளையின் தலையில் அடித்த சத்தியம் போகும். படித்தவர்கள் சிரிக்கலாம். அவளால் சிரிக்க முடியவில்லை. தன் தாய் ஒருமுறை கோபத்தில் செய்த சத்தியத்தை மீறி, அதற்காக ஆயுள் முழுக்க வெள்ளிக்கிழமை பச்சைத்தண்ணீர் குடிக்காமல் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் அவள். சொல்லாவிட்டாலோ, அந்தக் கதவுக்கு அப்பால் மனிதன் அவள் கண்முன்னே இரத்தம் ஓடிச் சாவான்.

சுகந்தினி வித்தியாவை இழுத்து, உச்சந்தலையில் இரண்டு கையையும் வைத்தாள். "வாற பாவம் எல்லாம் எனக்கு வரட்டும். என்ர குஞ்சை விட்டிடு முருகா" என்றாள்.

"அம்மா? வாட் ஆர் யூ டூயிங்?"

"தங்கச்சி, நில்லுங்கோ!" சுகந்தினி ஓடிப்போய்க் கணவனின் சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடித்தாள். "அவரை உள்ளுக்கு விடாதேங்கோ! கைக்குள்ள இரும்பு இருக்கு. முள்ளுக்கம்பி இல்லை, செல் சில்லு! செல் பட்டது. அப்பிடியே உள்ள கிடக்கு!"

"சுகந்தி!" யசீகரன் கத்தினான். தமிழில்தான் கத்தினான்.

தேவதர்ஷினி ஒரு கையால் அவனைப் பின்னுக்குத் தள்ளி, மறு கையால் கதவைச் சாத்தினாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. ஒரு நிமிஷம் கதவில் சாய்ந்து நின்றாள். பிறகு யசீகரனைக் கதிரையில் உட்கார வைத்தாள்.

"நல்லவேளைம்மா" என்றாள். "யாரும் உங்களைத் திட்டமாட்டாங்க. நான் டாக்டரைக் கூப்பிடுறேன். முதல்ல ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். அதுல காந்தம் கிடையாது, பயப்படாதீங்க."

அவள் போன பிறகு மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். யசீகரன் மனைவியைப் பார்க்கவே இல்லை.

"பிள்ளையின்ட தலையில அடிச்சனீர்" என்றான் சுவரைப் பார்த்து.

"ஓம், அடிச்சனான். நீங்கள் செத்தால் அந்தப் பிள்ளைக்கு அப்பா ஆரு? சத்தியமா வந்து ஃபீஸ் கட்டப்போகுது?" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "கையை வெட்டப்போறாங்கள் எண்டு நான் மாதக்கணக்கா ஒவ்வொரு நாளும் செத்துக்கொண்டிருக்கிறன். உங்களுக்கு உங்கட கதைதான் பெரிசு."

வித்தியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"செல் எண்டால்... பொம்ப் மாதிரியா?" என்று கேட்டாள். சுகந்தினி தலையாட்டினாள். "சோ, ஆட்டுக்குட்டியே இல்லையா? அம்மா? நான் அதைச் சொல்லிக் கோப்பை வாங்கினனான்!"

"பிள்ளை, பிறகு சொல்லுறன்."

"யூ ஆல்வேஸ் சே தட்." அவள் கண் நிறைந்துவிட்டது. அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார நினைத்தவள் இரண்டு கதிரை தள்ளித்தான் உட்கார்ந்தாள். சுகந்தினிக்கு அந்த இரண்டு கதிரை இடைவெளி நெஞ்சில் குத்தியது. சத்தியம் அதற்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிட்டதோ என்று பயந்தாள்.

எக்ஸ்ரே எடுத்து முடிந்து, டொக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஒருவரும் சாப்பிடவில்லை. தேவதர்ஷினி தானே கேட்டுக்கொண்டு கூட வந்து மொழிபெயர்க்க நின்றாள். யசீகரன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல அவனிடம் தெம்பும் இல்லை.

டொக்டர் உயரமான கிழவர். முதல் கேள்வியே, "இதை ஏன் எனக்கு முன்பே சொல்லவில்லை?" என்பதுதான். கோபமாகக் கேட்கவில்லை. அதனால் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சுகந்தினி கைகூப்பினாள். "பயம் ஐயா. வேற ஒண்டுமில்லை. எங்களை இனி அனுப்புவினமோ?"

தேவதர்ஷினி அதைச் சொன்னதும் டொக்டர் திகைத்துப் போனார். எங்கே அனுப்புவது என்று திரும்பக் கேட்டார். இந்த அறையில் சொல்வது மருத்துவத்துக்கு மட்டும்தான் என்றார். பிறகு கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, விரலால் மேசையில் இரண்டு கோடு கீறிக் காட்டினார்.

"டாக்டர் என்ன சொல்றாருன்னா," தேவதர்ஷினியின் குரலில் ஒரு வேகம் இருந்தது, "பிறவியில வந்திருந்தா பல வேர் இருக்கும், அடைக்கிறது கஷ்டம். ஆனா காயத்தால வந்ததுன்னா பெரும்பாலும் ஒரே ஒரு ஓட்டைதான். துண்டு போனப்ப நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் துளைச்சிருக்கு. ரெண்டும் ஒட்டி ஆறிடுச்சு. அந்த ஒரு வழியை அடைச்சிட்டா போதும். இன்னும் சோதனை பண்ணணும், இப்பவே உறுதியா சொல்ல முடியாதுங்கிறாரு. ஆனா கையை எடுக்கிற பேச்சை இப்போதைக்கு மறந்துடலாமாம். அடைச்சா இதயமும் தேற வழி இருக்காம்."

சுகந்தினிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எத்தனை மாதம்! ஒற்றைக் கையோடு இவன் சோறு தின்பதை மனதில் பார்த்துப் பார்த்து நித்திரை இல்லாமல் கிடந்த அத்தனை நாளும் அந்த ஆட்டுக்குட்டியால் வந்த வினை. உண்மையைச் சொல்லியிருந்தால் முதல் நாளே நம்பிக்கை கிடைத்திருக்கும்.

வித்தியா எழுந்து வந்தாள். இடையில் இருந்த கதிரைகளைத் தாண்டி அப்பாவின் வீங்கிய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பூனை உள்ளே இரைந்தது.

யசீகரன் மட்டும் சந்தோஷப்படவில்லை. சுகந்தினி அதைக் கவனித்தாள். கை தப்பும் என்று கேட்ட மனிதனின் முகமா இது? அவன் கண் டொக்டரையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. மேசையில் அந்தப் பக்கம் திரும்பியிருந்த கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

டொக்டர் திரையைத் திருப்பினார். எக்ஸ்ரே. சாம்பல் நிறத்தில் முழங்கை எலும்பு, அதற்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு துண்டு. டொக்டர் பேனாவால் அதைத் தொட்டு ஏதோ சொன்னார். தேவதர்ஷினி மொழிபெயர்க்க வாயெடுத்து, யசீகரனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள்.

சுகந்தினிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வன்னியில் வளர்ந்தவள் அவள். செல் விழுந்த வீட்டு வளவுகளில் சில்லுப் பொறுக்கி விளையாடிய கை. செல் சில்லு ஒன்றைப் போல ஒன்று இருக்காது. கிழிந்த தகரம் மாதிரி, பல்லும் பள்ளமுமாக இருக்கும். திரையில் இருந்தது வழுவழுப்பாக, ஒரே அளவில், நுனி கூராக இருந்தது. அது துவக்கால் சுட்ட ரவை, துப்பாக்கிக் குண்டு.

செல் எங்கிருந்தோ வந்து ஆர் எவர் என்று பாராமல் விழும். ரவைக்கு ஒரு துவக்கு வேண்டும். துவக்குக்குப் பின்னால் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு இவன் மேல் என்ன கோபம்?

அவள் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். யசீகரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மா," வித்தியா திரையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள். "டொக்டர் புல்லட் எண்டு சொல்லுறார். நீங்க செல் எண்டுதானே சொன்னீங்க?"

சுகந்தினி கணவனிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னவர், பிள்ளை."